மடித்த சீட்டு

சிம்மக்கல் டீக்கடையில் இன்று காலை ஒரு பெரியவர் சில்லறை எடுக்கச் சட்டைப்பைக்குள் கை விட்டார். காசோடு ஒரு கேரள லாட்டரிச் சீட்டும் வந்து கீழே விழுந்தது.

எடுத்துக் கொடுத்தேன். நான்காக மடித்து, மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது. தேதி போன மாதத்தது.

"குமுளிக்குப் போன பேரன்கிட்ட சொல்லி வாங்குனது தம்பி. விழல. தூக்கிப் போடவும் மனசு வரல."

ஒரு காலத்தில் பெரியார் பஸ் ஸ்டாண்டில் சீட்டு விற்றவராம். அட்டையில் வரிசையாகக் கிளிப் போட்டு மாட்டி, கூவிக் கூவி. 2003-ல் ஜெயலலிதா அரசு லாட்டரியைத் தடை செய்ததும் அந்தப் பிழைப்பு போச்சு.

தெருவில் விற்றவருக்குத்தான் போச்சு.

லாட்டரி அதிபர் கோவை மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங் நிறுவனம், பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வாங்கிய தேர்தல் பத்திரம் 1,368 கோடி ரூபாய். நாட்டிலேயே அதிகம். அதில் 509 கோடி திமுகவுக்கு. திரிணமூலுக்கு அதைவிடக் கூடுதல், பாஜகவுக்கும் பங்குண்டு. இவர் அவர் என்று பேதமே பார்க்கவில்லை மனிதர்!

தமிழ்நாட்டில் லாட்டரித் தடை இன்னும் இருக்கிறது. சரி. பிறகு எதற்கு இவ்வளவு பிரியம்? 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்து, விவரத்தை வெளியிடச் சொல்லியிருக்காவிட்டால், இந்தக் கேள்வியைக் கேட்கக்கூட நமக்கு வழி இருந்திருக்காது.

பெரியவரிடம் இதைச் சொன்னேன்.

"அம்பது ரூவாச் சீட்டுன்னா அது எத்தனை சீட்டு தம்பி?"

போனில் கணக்குப் போட்டேன். 27 கோடிக்கு மேல்.

டீயை உறிஞ்சிவிட்டு, சீட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.