கார்னெட் தாளின் மேல்துண்டு

மோட்டார் சைக்கிளில் நாடு கடந்து போக ஆசைப்படும் நண்பர்கள் என்னிடம் முதலில் விசாரிப்பது டயரையும் பெட்டியையும் பற்றித்தான். காகிதங்களைப் பற்றிய பேச்சு கடைசியில், விடைபெறும் நேரத்தில் வரும். 2019ஆம் ஆண்டு என் ராயல் என்ஃபீல்டு இமாலயனைச் சென்னையில் கப்பலேற்றி, துபாய், ஈரான் வழியாக இஸ்தான்புல் வரை ஓட்டிச் சென்று திரும்பியவன் என்ற முறையில், அந்தப் பேச்சை முதலில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எல்லையில் சோதனை இரண்டு: ஒன்று ஆளுக்கு, மற்றொன்று வண்டிக்கு. ஆளுக்கான சோதனை குடிவரவுக் கூண்டில் நடப்பது. கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாகி, விசாவும் சரியாக இருந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். வண்டிக்கான சோதனை சுங்கத்தில் நடப்பது. நான் கடந்த எல்லைகளில் காத்திருந்த மணிநேரங்களில் முக்கால் பங்கு அங்கேதான் கழிந்தது.

வண்டிக்கென்று ஒரு தனிப் புத்தகம் உண்டு. கார்னெட் டி பாஸாஜ் என்பது அதன் பிரெஞ்சுப் பெயர். ஓட்டுகிறவர்கள் வாயில் அது வெறும் கார்னெட். சுற்றுலாவாக வருகிறவர் தம் வண்டியை வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுவரலாம் என்று 1954இல் நியூயார்க்கில் ஏற்பட்ட சர்வதேச உடன்படிக்கையின் கீழ் வழங்கப்படுவது இது. உள்ளே வந்த வண்டி குறித்த காலத்துக்குள் வெளியேறாவிட்டால், அதை அங்கே விற்றுவிட்டதாகக் கருதி இறக்குமதி வரியைக் கேட்க அந்த நாட்டுச் சுங்கத்துக்கு உரிமை உண்டு; அந்த வரிக்குப் பிணை நிற்பது கார்னெட் வழங்கிய சங்கம். நம் நாட்டில் இதைத் தருவது வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் அல்ல, அங்கீகாரம் பெற்ற வாகன ஓட்டிகள் சங்கம். அந்தச் சங்கம் நம்மிடமிருந்து வங்கி உத்தரவாதம் வாங்கிக்கொள்கிறது. போகிற நாடுகளைப் பொறுத்து அந்தத் தொகை மாறும்; என் வங்கியில் முடங்கிய பணம் வண்டியின் விலையைவிட அதிகம். பயணச் செலவைக் கணக்கிடுகிறவர்கள் இதை மறந்துவிட்டுக் கடைசி மாதத்தில் கடன் வாங்க ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். புத்தகத்தின் ஆயுள் ஓராண்டு. ஈரானுக்கு இது இல்லாமல் நுழைய முடியாது.

கார்னெட்டின் அட்டையில் வண்டியின் அங்க அடையாளங்கள் எல்லாம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்கும்: பதிவெண், தயாரிப்பு ஆண்டு, எடை, நிறம், சேஸிஸ் எண், எஞ்சின் எண், இருக்கைகளின் எண்ணிக்கை, உபரி டயர் உண்டா என்பது வரை. இவற்றில் ஓரெழுத்துப் பிசகினாலும் எல்லையில் அது வேறொரு வண்டி. விண்ணப்பிக்கும் முன் ஒருநாள் காலையில், ஹேண்டிலுக்குக் கீழே ஸ்டீரிங் கழுத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணின் மேல் செல்லோடேப்பை ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து எடுத்தேன்; பதிவு அலுவலகத்துக்காக மெக்கானிக்குகள் எடுத்துத் தருவார்களே, அதே முறைதான். டேப்பைப் பிரித்து வெள்ளைத்தாளில் ஒட்டி, ஆர்.சி. அட்டையை அருகில் வைத்து எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்தபோது, வண்டியில் பூஜ்யமாக இருந்தது அட்டையில் ஆங்கில எழுத்து ‘ஓ’வாக இருந்தது. பதினேழு இலக்கம் கொண்ட சர்வதேசச் சேஸிஸ் எண்ணில் ‘ஐ’, ‘ஓ’, ‘க்யூ’ என்ற மூன்று எழுத்துகளும் வரவே கூடாது என்பது விதி. எண்ணோடு குழம்பும் என்பதால்தான் அவற்றை விலக்கியிருக்கிறார்கள். ஆகவே தவறு அட்டையில்தான் என்று தெளிந்து, அதைத் திருத்தி வாங்க மூன்று வாரம் அலைந்தேன். சில ஆண்டுகள் அந்த அட்டையோடு தமிழ்நாடு முழுவதும் ஓட்டியிருக்கிறேன், ஒருவரும் கேட்டதில்லை. சென்னைத் துறைமுகத்தில் சுங்க அதிகாரி டார்ச் விளக்கை அந்த எண்ணின் மேல் பிடித்து, கார்னெட்டோடு ஒப்பிட்ட பிறகே மரப்பெட்டியை ஆணியடித்து மூட அனுமதித்தார். பெட்ரோலை வடித்து, பேட்டரி ஒயரைக் கழற்றி, மூன்று மாதத்துக்கு முன் திருத்திய அந்த அட்டையின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, அந்த அலைச்சல் வீணாகவில்லை என்று நிம்மதியாக இருந்தது.

சர்வதேச ஓட்டுநர் அனுமதி எளிய காரியம். படிவம் 4ஏ, கடவுச்சீட்டின் நகல், ஆயிரம் ரூபாய் கட்டணம் ஆகியவற்றோடு நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே கிடைக்கும். ஓராண்டு செல்லும். 2022க்குப் பிறகு நாடு முழுவதும் ஒரே வடிவில், கியூஆர் குறியீட்டோடு தருகிறார்கள். இதைக் கையில் வைத்துக்கொண்டு அசல் உரிமத்தை வீட்டில் விட்டுவிடக் கூடாது; இரண்டும் சேர்ந்தால்தான் செல்லும். வண்டியின் பின்புறம் வெள்ளை நீள்வட்டத்தில் கறுப்பாக ‘ஐ.என்.டி.’ என்ற ஆங்கில எழுத்துகளை ஒட்டிக்கொள்ள வேண்டும்.

காப்பீட்டில் பலர் ஏமாந்துபோகிறார்கள். நம்மூர் வாகனக் காப்பீட்டைக் கூடுதல் பிரீமியம் கட்டி நேபாளம், பூட்டான், வங்கதேசம், இலங்கை போன்ற அண்டை நாடுகளுக்கு நீட்டிக்கலாம். அதற்கு அப்பால் அது வெறும் தாள். ஒரு நாட்டு வாகனக் காப்பீட்டை மற்ற நாடுகளும் ஏற்கும் கிரீன் கார்டு என்ற ஏற்பாட்டில் ஐரோப்பிய நாடுகளோடு துருக்கியும் ஈரானும் இருக்கின்றன, இந்தியா இல்லை. ஆகையால் எல்லையிலேயே காப்பீடு வாங்க வேண்டியிருக்கும். அந்தச் சீட்டில் வண்டி எண் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே படித்துவிடுங்கள்.

இனி, தலைப்பில் சொன்ன மேல்துண்டுக்கு வருகிறேன். கார்னெட்டில் ஒரு நாட்டுக்கு ஒரு தாள். ஒவ்வொரு தாளும் மூன்று துண்டு. நுழையும்போது அடித்துண்டை முத்திரையிட்டுக் கிழித்துக்கொள்வார்கள், வெளியேறும்போது நடுத்துண்டு. மேல்துண்டு புத்தகத்திலேயே தங்கும். அதில் நுழைவுக்கு ஒன்று, வெளியேற்றத்துக்கு ஒன்று என இரண்டு முத்திரைகள் விழ வேண்டும். ஊர் திரும்பிய பிறகு, வண்டி அந்த நாட்டைவிட்டு வெளியேறியது என்பதற்கு நம்மிடம் இருக்கும் சான்று அந்த இரண்டாவது முத்திரை ஒன்றுதான்.

வழியில் ஒரு நாட்டைவிட்டு வெளியேறுகையில், இரவுப் பணியில் களைத்திருந்த அலுவலர் நடுத்துண்டில் அழகாக முத்திரை குத்திக் கிழித்துக்கொண்டு, புத்தகத்தை மூடி என்னிடம் நீட்டினார். பின்னால் லாரிகள் வரிசையில் நின்றன, தடுப்புக்கட்டையும் உயர்ந்துவிட்டது. நான் வண்டியை ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். மேல்துண்டின் வலப்பக்கக் கட்டம் வெறுமையாக இருந்தது. திரும்பி நடந்துபோய்க் காட்டியபோது அவர், வேலை முடிந்தது, போகலாம் என்று கையசைத்தார். மொழி புரியாத நிலையில், முந்தைய நாட்டின் தாளைத் திறந்து அங்கே அருகருகே இருந்த இரண்டு முத்திரைகளையும், பிறகு இங்கே இருந்த ஒற்றை முத்திரையையும் மாறிமாறி விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் சற்று நேரம் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். பணி மாறும் நேரமாதலால் மூத்த அதிகாரி வரும்வரை ஒரு மணி நேரம் காத்திருக்கச் செய்தார்கள். கடைசியில் முத்திரையோடு தேதியும் கையொப்பமும் போட்டு, நாற்காலியில் உட்காரவைத்துத் தேநீரும் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். அந்த அலுவலர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு நாளில் எத்தனை நூறு தாள்களைப் பார்க்கிறவர் அவர். என் தாளைப் பார்க்கக் கடமைப்பட்டவன் நான்தான்.

ஒருவேளை முத்திரை இல்லாமலே கடந்து வந்துவிட்டால், வண்டி இப்போது வேறு நாட்டில் இருக்கிறது என்பதற்கு அங்கே உள்ள சுங்கம், காவல்துறை அல்லது முத்திரை விடுபட்ட நாட்டின் தூதரகத்திடம் இருப்பிடச் சான்றிதழ் வாங்கலாம்; அதற்கான படிவம் கார்னெட்டிலேயே இருக்கிறது. அதை நம்பி முத்திரையை விட்டுவிட வேண்டாம். தூதரகம் இருக்கும் ஊர் எல்லையிலிருந்து இரண்டு நாள் தொலைவாக இருக்கலாம்.

சுங்கத்துக்கு ஈரானில் கொம்ரோக், துருக்கியில் கும்ருக். இந்த ஒரு சொல் தெரிந்திருந்தால் லாரிகளுக்கு நடுவே வழி கேட்டுப் போய்ச் சேரலாம். ஈரானும் துருக்கியும் சந்திக்கும் பாசர்கான் எல்லையில் இந்தச் சொல்லைச் சொன்னதும் ஒரு லாரி ஓட்டுநர் என் கையைப் பிடித்து மூன்று கட்டடம் தாண்டிக் கூட்டிப்போய் விட்டார். 250 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளை உள்ளூர்க்காரர்கள் ஓட்ட ஈரானில் அப்போது தடை இருந்ததால், ஒரகடத்தில் பிறந்த 411 சிசி வண்டியைச் சுற்றிச் சிறு கூட்டமே கூடியது.

துருக்கியில் கார்னெட் கட்டாயமில்லை. வண்டியின் விவரத்தை நம் கடவுச்சீட்டு எண்ணோடு இணைத்துக் கணினியில் பதிந்துவிடுகிறார்கள். எளிதாகத்தான் தோன்றும், ஆனால் அந்தப் பதிவு இருக்கும்வரை வண்டியை விட்டுவிட்டு நாம் மட்டும் எளிதில் விமானம் ஏறிவிட முடியாது. இஸ்தான்புல்லில் வண்டியைச் சுங்கத்திடம் ஒப்படைத்து, பதிவு நீங்கியதை, சுங்க வேலைகளை முடித்துத் தரும் கிளியரிங் ஏஜெண்ட் திரையில் காட்டிய பிறகே நான் விமானச் சீட்டு வாங்கினேன். முன்கூட்டியே வாங்கியிருந்த இன்னொரு பயணி, தம் சீட்டை இரண்டு முறை மாற்றிக்கொண்டிருந்தார்.

சென்னையில் வண்டி இறங்கியதும் மீண்டும் அதே சேஸிஸ் எண், அதே டார்ச் விளக்கு. வெளியே போன வண்டியே திரும்பியது என்று நிரூபித்ததால் இறக்குமதி வரி இல்லை. கார்னெட்டைச் சங்கத்தில் ஒப்படைத்தேன். மேல்துண்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, வங்கி உத்தரவாதத்தை விடுவிக்க இரண்டரை மாதம் ஆயிற்று. ஒப்படைக்கும் முன் எல்லாத் தாள்களையும் வண்ண நகல் எடுத்து வைத்திருக்கிறேன். புறப்படவிருக்கும் நண்பர்கள் வந்தால், முத்திரைகள் எங்கெங்கே விழ வேண்டும் என்று அதைப் பிரித்துக் காட்டுகிறேன்.