கல்லீரலின் விறைப்பும் திறமூல நிரலும்

அறுவைச் சிகிச்சைப் பயிற்சிக்கான சிமுலேட்டரை, நிரல் எவருக்கும் திறந்திருக்கும் திறமூல மென்பொருளில் உருவாக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்குச் செலவு முதன்மைக் காரணமன்று. பயிற்சி பெறும் மருத்துவரின் கை எதற்குப் பழகுகிறதோ, அதைத் திறந்து பார்த்துத் திருத்த முடிய வேண்டும்.

சிடி ஸ்கேன் படங்களிலிருந்து உறுப்பின் வடிவத்தைப் பிரித்தெடுக்க 3டி ஸ்லைசர் என்னும் திறமூல மென்பொருள் போதும்; அதற்குப் பொறுமைதான் தேவை. சிக்கல் அதன் பிறகே தொடங்குகிறது. சோஃபா என்னும் திறமூலக் கட்டமைப்பில், நெளிவைக் கணக்கிட, நான்கு முக்கோண முகங்கள் கொண்ட நான்முகிகளாலான வலை, மோதலைக் கண்டறிய எளிய மேற்பரப்பு, கண்ணுக்குக் காட்ட நுணுக்கமான மேற்பரப்பு என ஒரே கல்லீரலுக்கு மூன்று வடிவங்களை அமைக்கிறோம். திரைக்காட்சி நொடிக்கு 30 முதல் 60 முறை மாறினால் கண்ணுக்குப் போதும்; விசையைக் கைக்கு உணர்த்தும் ஹாப்டிக் கருவிக்கோ நொடிக்கு ஏறத்தாழ 1,000 முறை விடை போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் கருவி கையில் அதிரும். முழு உறுப்பின் நெளிவையும் அவ்வளவு விரைவில் கணக்கிடுவது அரிது என்பதால், அதை மெதுவான சுற்றில் ஓட்டி, அங்கே கடைசியாகக் கிடைத்த விடையைக் கொண்டு தொடும் இடத்து விசையை மட்டும் விரைவான சுற்றில் கணக்கிடுகிறோம்.

அனுபவமுள்ள அறுவைச் சிகிச்சை நிபுணர் கருவியை அழுத்திப் பார்த்து, "கல்லீரல் இவ்வளவு விறைப்பாக இருக்காது" என்று சொன்னால், திசுவின் விறைப்பைக் குறிக்கும் யங் குணகத்தைக் குறைக்கவே முதலில் தோன்றும். ஆனால் மென்திசுவை அழுத்தினாலும் அதன் கனஅளவு பெரிதாகக் குறைவதில்லை என்பதால் அழுத்தும்போது பக்கவாட்டில் எவ்வளவு விரியும் என்பதைக் குறிக்கும் பாய்சான் விகிதத்தை 0.49 என்று கொடுத்திருப்போம்; எளிய நேரியல் நான்முகிகள் அந்த மதிப்பில் செயற்கையாக இறுகிவிடும். குணகத்தைக் குறைத்து அதை மறைத்தால், வலையை மாற்றியதும் மறுபடி பிசகும். கோளாறு திசுவின் மதிப்பில் இல்லை, கணக்கிடும் முறையில் இருக்கிறது என்பதை நிரலுக்குள் சென்றுதான் உறுதிசெய்ய முடியும். மூடிய சிமுலேட்டரில் அந்த நிபுணரின் சொல் வெறும் புகாராகவே நின்றுவிடும்.

பயிற்சி பெறுபவரை மதிப்பிடும் விதிகளும் இப்படித் திறந்திருக்க வேண்டும். யேல் பல்கலைக்கழகத்தினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், சிமுலேட்டரில் பயின்ற இளம் மருத்துவர்கள் பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் பணியை மற்றவர்களைவிட 29 விழுக்காடு விரைவாக முடித்தார்கள். அந்தச் சிமுலேட்டர் காட்டியவை எளிய வடிவங்களே. ஆனால் தேர்ந்தவர்கள் எட்டிய அளவை எட்டும்வரை பயிற்சி தொடர்ந்தது. ஆகவே மதிப்பெண்ணை மட்டும் சேமிக்காமல், கருவி முனையின் இருப்பிடத்தையும் விசையையும் நேரத்தோடு பதிவுசெய்கிறேன். நிபுணர்கள் அந்த அளவைத் திருத்தும்போது பழைய பயிற்சிகளையும் புதிய விதிப்படி மறுபடி மதிப்பிடலாம்.