கணைக்கால் இரும்பொறையை களிமண்ல செஞ்சு பாத்தேன் (இதுவரைக்கும் நடந்தது)

சிலை சூளையிலேர்ந்து உடையாம வந்துடுச்சு, பெயிண்ட் வேலை பாதி முடிஞ்சிருக்கு, அதனால இதுவரைக்கும் ஆனதை எழுதி வெச்சுடறேன். கொலுவுக்கு நான் வழக்கமா பார்க் செட்டு, கல்யாண செட்டுன்னு மண்ணுல ஏதாவது செய்வேன், இந்த வருஷம் ஒரே ஒரு ஆளுதான். சங்க காலத்து சேர ராஜா, சேரமான் கணைக்கால் இரும்பொறை. உக்காந்த நிலை, ஒன்னேகால் அடி உசரம், கால்ல விலங்கு, கையில தண்ணிக் குவளை.

கதை நிறைய பேருக்கு தெரிஞ்சிருக்கும். சோழன் செங்கணானோட திருப்போர்ப்புறம்ங்கற எடத்துல சண்டை போட்டு தோத்து, பிடிபட்டு, குடவாயிற் கோட்டத்து சிறையில கெடந்தான். தாகத்துக்கு தண்ணி கேட்டான், குடுக்கல. அப்புறம் குடுத்தாங்க, வாங்கிக்கிட்டான், குடிக்கல. ஒரு பாட்டு சொல்லிட்டு செத்துப் போயிட்டான். அந்தப் பாட்டுதான் புறநானூறு 74, மொத்தமே ஏழு அடி. குடவாயில்ங்கறது நம்ம குடவாசல்தான்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க, கும்பகோணத்துலேர்ந்து திருவாரூர் போற பஸ்ல நான் எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கேன். அந்த ஊர் கோணேசுவரர் கோயில் உசரமா கட்டின மாடக்கோயில், அந்த மாதிரி கோயில்களை எல்லாம் கட்டினது கோச்செங்கட் சோழன்னு சொல்வாங்க, அந்தக் கோச்செங்கட் சோழன்தான் இவனை ஜெயில்ல போட்ட செங்கணான்னு மரபு. அப்போ கோயில் கட்டினவர் பேரும் தண்ணி குடிக்காம செத்தவன் பேரும் ஒரே ஊர்ல இருக்கு, ஆனா நம்ம பக்கத்துல முதல் பேர்தான் எல்லாருக்கும் தெரியுது. அதுக்காகவே இவனை செய்யணும்னு ரொம்ப நாளா ஆசை.

மண்ணு விஷயத்துக்கு வரேன். டெல்டா களிமண் ரொம்ப பிசுக்கு, கையில ஒட்டும், நல்லா வளையும், ஆனா காயும்போது சுருங்கி வெடிக்கும், கோடையில நம்ம வயல் எல்லாம் பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்குறது அதனாலதான். தனியா அதை வெச்சு விரல், காது மாதிரி மெல்லிசா எதுவும் செய்ய முடியாது. ஆத்து மணலை சல்லடையில சலிச்சு கலக்கணும், அதோட பழைய கூரை ஓட்டை இடிச்சு தூளாக்கி கொஞ்சம் சேத்தா இன்னும் நல்லா நிக்கும், ஏன்னா அது ஏற்கனவே வெந்த மண்ணு, திரும்ப சுருங்காது. மண்ணு எடுக்கறதுக்கு காலம் இருக்கு, குளம் வத்திக் கெடக்கும்போது எடுத்தாதான் உண்டு. மேட்டூர் ஜூன் 12 திறந்தா தண்ணி கல்லணை வந்து பிரிஞ்சு வாய்க்கா வாய்க்காலா இறங்கி குளத்துக்கு வந்துடும், அப்புறம் அடுத்த கோடை வரைக்கும் காத்திருக்கணும். அதனால மே மாசமே எடுத்து, ஊறப் போட்டு, கல்லு வேரு எல்லாம் பொறுக்கி, மிதிச்சு, ஈர சாக்கு போட்டு மூடி வெச்சுட்டேன்.

சூளை போடுற பெரியவர் ஒருத்தர் பக்கத்து ஊர்ல இருக்காரு, அவர்கிட்டதான் எப்பவும் சுட குடுப்பேன். மண்ணை கையில எடுத்து உருட்டிப் பாத்துட்டு, "இன்னும் ஒரு பிடி மணல் போடும்மா, மண்ணு வழுவழுன்னு இருக்கு, விரல் நிக்காது" அப்படின்னாரு. அவர் சொன்னது கையில அப்படியே தெரிஞ்சுது, முதல்ல செஞ்ச கை நிழல்ல காயும்போதே கட்டைவிரல் அடியில முடி மாதிரி கீறல் விட்டுச்சு, மணல் கூட்டி செஞ்சது அப்படியே நின்னுச்சு.

உடம்பு உள்ள கூடுதான். நியூஸ்பேப்பரை இறுக்கி சுருட்டி அது மேல மண்ணை அப்பி உருவம் கொண்டு வந்து, கொஞ்சம் இறுகினதும் கம்பியால ரெண்டா அறுத்து, பேப்பரை எடுத்துட்டு, உள்பக்கம் சுரண்டி எல்லா இடமும் ஒரே கனமா வர்ற மாதிரி பண்ணி, வெட்டின ஓரத்தை கீறி விட்டு, மண் குழம்பு தடவி திரும்ப ஒட்டணும். அடியில ஒரு ஓட்டை கட்டாயம். உள்ள ஈரம் நின்னுச்சுன்னா சூளை சூட்டுல ஆவியாகி வெளிய போக வழியில்லாம வெடிச்சுடும், பக்கத்துல இருக்கற அடுத்தவங்க பானையும் சேந்து போகும். விரல், காது, மூக்கு நுனி எல்லாம் சீக்கிரம் காயும், முதுகு லேட்டா காயும், அதனால விரலுக்கு மட்டும் ஈரத்துணி சுத்தி வெச்சு எல்லாத்தையும் ஒரே வேகத்துல காய விடணும். இந்த வேலையெல்லாம் எனக்கு பழக்கம்தான், நேரம் ஆகுமே தவிர பயம் இல்ல.

பயம் முகத்துலதான்.

நாடகத்துல, படத்துல எல்லாம் இவனை காட்டணும்னா நெஞ்சை நிமித்தி, மீசை துடிக்க, காவக்காரனைப் பாத்து கர்ஜிக்கிற ஆளா காட்டுவாங்க. நானும் அப்படித்தான் முதல்ல ஒரு சின்ன மாதிரி பண்ணேன். பண்ணிட்டு பாட்டை திரும்ப படிச்சா அந்த முகம் பாட்டுல எங்கயுமே இல்ல. காவக்காரன் பாட்டுலயே கிடையாது. செங்கணானும் கிடையாது. முதல் ரெண்டு அடியில, எங்க குலத்துல குழந்தை செத்துப் பொறந்தாலும், வெறும் சதைப்பிண்டமா பொறந்தாலும் அதையும் வாளால வெட்டித்தான் புதைப்பாங்கன்னு சொல்றான். அதுக்கப்புறம் வர்றது பூரா தன்னைப் பத்தி. சங்கிலியில கட்டின நாய் மாதிரி கெடந்து, உறவு இல்லாதவங்க போடுற அற்ப சோத்துக்கு, மன உறுதி இல்லாம, வயித்துத் தீயைத் தணிக்க கையேந்திக் கேட்டுத் தின்னுற அளவுக்கு போறவங்களை இந்த உலகத்துல யாராவது பெத்துப்பாங்களா. இதுதான் பாட்டு. கோவம் எதிரி மேல இல்ல. தான் கேட்டுட்டமேங்கறதுதான் அவனைக் கொல்லுது. மன உறுதி இல்லைன்னு அவனே ஒத்துக்கறான், வேற எவனும் சொல்லல.

இது புரிஞ்சப்புறம் சின்ன மாதிரியை தண்ணித்தொட்டியில போட்டு கரைச்சுட்டேன். ஒரு நாளும் வாய் திறந்து கேக்காத ஆளா இருந்திருந்தா அவன் சுத்த வீரன், எனக்கு அவன்கிட்ட செய்ய ஒன்னும் இல்ல. இவன் கேட்டவன். தாகம் அவனை ஒரு தடவை ஜெயிச்சிருச்சு, ரெண்டாவது தடவை அவன் அதை ஜெயிக்கறதுக்கு உசுரையே விலையா குடுத்தான், அது நியாயமான விலையான்னு எனக்கு இன்னும் கேள்விதான், ஒரு வாய் தண்ணி குடிச்சிருந்தா தன் ஊரு தொண்டிக்கு திரும்பிப் போயிருப்பானோ என்னவோ, ஆனா அவன் கணக்குல அந்த தண்ணி உள்ள இறங்கினா அப்புறம் திரும்பிப் போறது வேற யாரோ.

இன்னொரு விஷயமும் இருக்கு, இதையும் மறைக்கக் கூடாதுன்னு நெனச்சேன். நற்றிணை 18ல பொய்கையார்ங்கற புலவர் ஒரு செய்தி சொல்றாரு, மூவன்னு ஒருத்தனோட பல்லைப் பிடுங்கி தொண்டி நகரத்து கதவுல பதிச்சு வெச்சான் பொறையன்னு. அந்தப் பொறையன் இவன்தான்னு உரைகாரங்க எடுத்துக்கறாங்க. தோத்தவன் பல்லை வாசக்கதவுல அடிச்சு போறவன் வர்றவன் எல்லாம் பாக்கட்டும்னு விட்ட ஆளு இவன். தோத்தவனுக்கு ஊர்ல என்ன பேரு ஆகும்னு இவனை விட நல்லா யாருக்கு தெரியும்? அந்தப் பேரு தனக்கு வரப்போகுதுன்னு தெரிஞ்சப்போ அதுக்கு முன்னாடி செத்துடணும்னு தோணியிருக்கும். அவன் மானமும் அவன் கொடுமையும் ஒரே எடத்துலேர்ந்துதான் வருதுன்னு நான் நம்பறேன். அதனால சிலைக்கு பின்னாடி, பீடத்துலயே, சாணளவு ஒரு கதவு செஞ்சு அதுல அரிசிமணி அளவுல பல்லு வெச்சிருக்கேன். முன்னாடிலேர்ந்து பாத்தா தெரியாது, பின்னாடி சுத்தி வந்தாதான் தெரியும்.

முடிவு பத்தி ரெண்டு விதமா இருக்கறதையும் சொல்லணும். பொய்கையார் களவழி நாற்பதுங்கற போர்க்களப் பாட்டைப் பாடி செங்கணானை சந்தோஷப்படுத்தி இவனை விடுவிச்சாருன்னு ஒரு மரபு, கலிங்கத்துப்பரணியில ஜெயங்கொண்டார் கால் தளையை வெட்டி நாட்டையும் திருப்பிக் குடுத்ததா பாடியிருக்காரு. புறநானூத்துக் குறிப்பு செத்துட்டான்னு சொல்லுது. ரெண்டையும் சேத்து விடுதலை வந்தப்போ உசுரு இல்லைன்னு கதை சொல்றவங்களும் உண்டு. நான் புறநானூத்துக் குறிப்பைத்தான் எடுத்துக்கிட்டேன், சிலைக்கு அது போஸே குடுத்துடுது. பாட்டுக்கு அடியில இருக்கற அந்த சின்ன குறிப்புல, தண்ணி வாங்கி "கைக்கொண்டிருந்து" உண்ணாம சொல்லித் துஞ்சினான்னு இருக்கு. தட்டி விடல. மூஞ்சியில ஊத்தல. கையிலயே வெச்சுக்கிட்டு இருந்திருக்கான். 1894ல புறநானூத்தை அச்சுல கொண்டு வந்த உ.வே.சா. நம்ம பாபநாசம் பக்கம் உத்தமதானபுரத்துக்காரர், கும்பகோணம் காலேஜ்ல வாத்தியாரா இருந்தவர், அவர் ஏட்டுலேர்ந்து எடுத்துக் குடுக்கலேன்னா இந்தப் போஸ் எனக்கு ஏது.

அதனால குவளையை வாய்க்கு கிட்டவும் வெக்கல, தூரமாவும் வெக்கல. மடியில, ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கான், விரல் இறுக்கம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. கண்ணு குவளையைப் பாக்கல, எதிர்லயும் பாக்கல, கீழ தரையில ஒரு எடத்துல இருக்கு. உதடு வெடிச்சிருக்கறதை சப்பாத்தி முள்ளால கீறினேன். கழுத்துல அந்த நடு எலும்பு மேல ஏறி நிக்கிற மாதிரி, முழுங்கப் போற நேரத்துல நிறுத்தினாப்ல செஞ்சேன், மொத்த சிலையிலயும் எனக்கு ரொம்ப பிடிச்ச எடம் அதுதான்.

சூளையிலேர்ந்து எடுத்து வந்து கூடத்துல வெச்சப்போ அத்தை ரொம்ப நேரம் பாத்தாங்க. "ஏம்மா, இவன் கோவமா இருக்கானா இல்ல கூசிப் போயி இருக்கானா?"ன்னு கேட்டாங்க. நான் கதையே சொல்லல அப்போ. கூசிப்போயிதான் அத்தைன்னேன். "அப்ப சரி, தலை இன்னும் செத்த குனிஞ்சிருக்கலாம்" அப்படின்னாங்க. சுட்ட மண்ணை இனிமே குனிய வைக்க முடியாது, ஆனா புருவத்துக்கு கீழ நிழல் கலரை கூட்டினா அந்தக் குனிவு வரும்னு தோணி அப்படியே பண்ணிட்டு இருக்கேன். பெவிகாலை தண்ணியில கரைச்சு ஒரு கோட்டு, காஞ்சப்புறம் அக்ரிலிக், பளபளப்பு இல்லாததா பாத்து வாங்கினேன். உடம்புக்கு மண்ணோட சொந்த நிறத்தையே விட்டுட்டேன், வேட்டிக்கும் விலங்குக்கும் அந்தப் புருவ நிழலுக்கும் மட்டும்தான் கலர். விலங்கு மண்ணுல செய்யல, கும்பகோணத்துல பாத்திரக்கடைல பழைய பித்தளை விளக்குச் சங்கிலி கெடைச்சுது, அதை கருக்கி மாட்டணும். குவளைக்குள்ள தண்ணிக்கு ரெசின் ஊத்தப் போறேன், அது இறுகும்போது சூடாகும், அதனால ஒரே தடவையா ஊத்தாம கொஞ்சம் கொஞ்சமா. நிறைய ஊத்தணும், விளிம்பு வரைக்கும். ஒரு சொட்டு கூட குறையக் கூடாது இந்த சிலையில.

இதை முடிச்சதும் வெண்ணி. நீடாமங்கலம் பக்கம் கோயில்வெண்ணி, கரிகாலன்கிட்ட தோத்த சேரலாதன் முதுகுல புண்ணு வந்துடுச்சேன்னு வாளோட வடக்கு பாத்து உக்காந்து பட்டினியில உசுரை விட்ட களம். அங்க எனக்கு அவனை விட புலவர் வெண்ணிக்குயத்தியாரைத்தான் செய்யணும், மண்ணு மிதிக்கிற குலத்துப் பொம்பளை ஜெயிச்ச கரிகாலனைப் பாத்தே "நின்னினும் நல்லன் அன்றே"ன்னு தோத்தவனைச் சொல்லியிருக்காங்க, புறம் 66. அதுக்கு அடுத்த கோடை மண்ணு வேணும்.

இப்போதைக்கு பாக்கி இருக்கற ஒரே தகராறு இவனை கொலுவுல எங்க வெக்கிறதுங்கறது. எங்க வீட்டு கொலுவுல அறுபத்துமூவர் செட்டு இருக்கு, அதுல கோச்செங்கட் சோழ நாயனாரும் கைகூப்பிட்டு நிக்கிறாரு. விலங்கு போட்ட ஆளை படியில ஏத்தக் கூடாதுங்கறது அத்தை கட்சி, அதே படியில அவரு கண்ணு முன்னாடியே வெக்கணும்ங்கறது என் கட்சி. கடைசில படிக்கு கீழ தரையில, பார்க் செட்டு வைக்கிற எடத்துல தனியா ஒரு மணை போட்டு வெக்கிறதா பேசி முடிச்சிருக்கோம், பின்னாடி கதவும் தெரியணும்னு சுவத்தை ஒட்டாம ரெண்டடி தள்ளி.