ஹார்ட் டிஸ்க் ப்ரொடெக்‌ஷன் தானா ஆஃப் ஆகிட்டே இருந்துச்சுன்னா

தங்கச்சி லேப்டாப்ல இந்த ப்ரொடெக்‌ஷன ஆன் பண்ணி வச்சாலும் ஒவ்வொரு தடவ ஷட்டவுன் பண்ணி போட்டப்புறம் மறுபடி ஆஃப்ல வந்து நிக்குது, அவ ப்ராஜெக்ட் மொத்தமும் அந்த பழைய சுத்துற டிஸ்க்லதான் இருக்கு, அதனால விட மனசு வரல.

இது என்னன்னு தெரியாதவங்களுக்கு, உள்ள அசைவ கண்டுபிடிக்கிற ஆக்சிலரோமீட்டர்னு ஒரு சென்சார் இருக்கு, லேப்டாப் கீழ விழ ஆரம்பிச்சதும் கண்டுபிடிச்சு டிஸ்க்க படிக்கிற ஹெட்ட ஓரமா ஒதுக்கிடும். மேஜை உயரத்துலருந்து தரைக்கு வர 0.4 செகண்டுதான், அதுக்குள்ள வேலைய முடிக்கணும்! 2003லயே ஐபிஎம் திங்க்பேட்ல இத கொண்டு வந்துட்டாங்க, அருமையான விஷயம்ங்க.

மொதல்ல டிவைஸ் மேனேஜர் போய் சென்சார் பக்கத்துல மஞ்ச குறி இருக்கான்னு பாருங்க, இருந்தா விண்டோஸ் அப்டேட்டுக்கு அப்புறம் டிரைவர் கெட்டிருக்கலாம், அத எடுத்துட்டு கம்பெனி சைட்ல உங்க மாடலுக்குன்னே இருக்கறத போடுங்க. டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்அப் பக்கத்துல இந்த ப்ரொடெக்‌ஷனுக்கான ப்ரோக்ராம் டிஸேபிள்ல இருக்கான்னும் பாத்துக்கோங்க. எங்களுக்கு இதெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, கடைசில பவர் ஆப்ஷன்ஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்ப ஆஃப் பண்ணதும் அந்த பிரச்சன நின்னுடுச்சு, ஏன்னா அது இருந்தா ஷட்டவுன் பண்ணாலும் டிரைவரெல்லாம் புதுசா லோட் ஆகாது, பழைய நிலையிலயே எழுந்து வரும்.

எஸ்எஸ்டி மாத்தினவங்க இத தேடி அலைய வேணாம், அதுல சுத்துற பாகமே இல்ல. யூஎஸ்பில மாட்டுற டிஸ்க்க நம்பி இருக்கறவங்க கவனம், இந்த சென்சார் அத காப்பாத்தாது, தயவுசெஞ்சு பேக்கப் எடுத்து வைங்க.