எடை அப்புறம் பார்க்கலாம்

ஆகஸ்ட் 1, 2025, வெள்ளி

தாய்ப்பால் வாரம் தொடங்கிவிட்டது. வாசலில் பேனர் கட்டியாச்சு. பிரசவ அறையில் எனக்கு வேண்டியது ஒன்றுதான்: பிறந்த பிள்ளையை முதல் ஒரு மணி நேரம் அம்மா நெஞ்சிலிருந்து யாரும் தூக்கக் கூடாது. எடை, வைட்டமின் கே ஊசி எல்லாம் அப்புறம். உலக சுகாதார நிறுவனமும் அப்படித்தான் சொல்கிறது. மூச்சுக்குத் திணறும் பிள்ளை என்றால் வேறு விஷயம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் ஒரு தலைப்பிரசவம், பெண் குழந்தை. பிறந்ததும் நன்றாக அழுதாள். உடம்பைத் துடைத்தோம், கைகளை மட்டும் விட்டுவிட்டோம். கையில் பனிக்குட நீரின் வாசம் இருக்கும். கிட்டத்தட்ட அதே வாசம் காம்பைச் சுற்றியும் இருப்பதால் பிள்ளை அதைத் தேடிப் போகும். அம்மாவின் வெறும் நெஞ்சில் குப்புறப் போட்டு, மூக்கு அழுந்தாமல் முகத்தை ஒருபக்கமாகத் திருப்பி, முதுகுக்கு மேல் காய்ந்த துணி போர்த்தினோம்.

கொஞ்ச நேரம் சும்மா கிடந்தாள். அப்புறம் கண் திறந்தது. கையை வாய்க்குக் கொண்டுபோய்ச் சப்பினாள், நாக்கை நீட்டினாள், தலையைத் தூக்கித் தூக்கிப் போட்டாள். பாதத்தால் அம்மா வயிற்றை உந்தி ஒரு விரற்கடை நகர்வாள், மறுபடி ஓய்வு.

வெளியே பாட்டி சர்க்கரைத் தண்ணீரோடு நின்றார். "சிஸ்டரம்மா, சேனை வைக்கணும், பிள்ளைக்குத் தொண்டை காயுமே." உள்ளே கூட்டிவந்தேன். "இருங்கம்மா, அவளே தேடிப் போறா பாருங்க."

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். வாயை அகலத் திறந்து, காம்போடு கறுப்பு வட்டத்தையும் சேர்த்துக் கவ்வினாள். யாரும் தலையைப் பிடித்து அழுத்தவில்லை. "பால் வருதா?" என்றார் பாட்டி. சீம்பால் சில சொட்டுதான் வரும், அவள் வயிற்றுக்கு அது போதும் என்றேன். பிள்ளை சப்பச் சப்ப அம்மா உடம்பில் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து கருப்பையும் சுருங்கும், ரத்தப்போக்கு குறையும். மகள் உடம்புக்கும் நல்லது என்று சொன்னால் போதும், பாட்டிமார் நம் பக்கம் வந்துவிடுவார்கள்.

ஆகஸ்ட் 6, புதன்

இன்று சிசேரியன். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்துக்கு 45 இப்படித்தான். இவர்களை விட்டுவிட்டு இந்த வழக்கத்தைப் பற்றிப் பேச முடியாது. முதுகில் ஊசி போட்டிருந்ததால் அம்மா விழித்திருந்தார். மயக்க மருந்து டாக்டர் ஈசிஜி ஒயர்களைத் தோள்பக்கம் ஒதுக்கித் தந்தார்; பிள்ளையை நெஞ்சில் குறுக்காகப் போட இடம் கிடைத்தது. தையல் முடியும்வரை நிறத்தையும் மூச்சையும் பார்த்தபடி கூடவே நின்றேன். ஒருவர் நின்றே ஆக வேண்டும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

எடை குறைந்த பையன், 1,600 கிராம். இவ்வளவு சிறிய பிள்ளையை உடல்நிலை தேறும்வரை தனியாக வைக்கணும் என்றுதான் முன்பு நினைத்தார்கள். இந்தியா உட்பட 5 நாடுகளில் நடந்து 2021-ல் வெளிவந்த ஆய்வு அதை மாற்றியது: பிறந்த உடனே நெஞ்சோடு சேர்த்து வைத்த பிள்ளைகளில் முதல் 28 நாள் மரணம் 25 சதவீதம் குறைந்தது. அம்மா குளிக்கப் போனபோது அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். நைட் டூட்டிக்கு எழுதி வைத்திருக்கிறேன்: டியூபில் பால் கொடுக்கும்போதும் பையனை இறக்க வேண்டாம்.