அயலறியாமல் வாழ்ந்த இருவர்

சிதம்பரத்துக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். நடராஜரைக் கும்பிட்டுவிட்டு, கோவிந்தராஜரையும் சேவித்துவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவேன். இளமையாக்கினார் கோயிலுக்குப் போனது இந்த முறைதான். மேலவீதியைத் தாண்டி மேற்கே நடந்தால் வந்துவிடுகிறது. புலிக்கால் முனிவர் வியாக்கிரபாதர் பூஜித்த இடம், திருப்புலீச்சரம் என்று பழைய பெயர். சுவாமியை வணங்கிவிட்டு நானும் மனைவியும் குளக்கரைக்கு வந்து உட்கார்ந்தோம். நான் வந்ததே அந்தக் குளத்துக்காகத்தான்.

திருநீலகண்ட நாயனார் தில்லையில் மண்பாண்டம் செய்தவர். அடியார்களுக்குத் திருவோடு செய்து கொடுப்பதுதான் அவருடைய தொண்டு. ஒருநாள் பரத்தை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினார். மனைவிக்குப் பொறுக்கவில்லை. "தீண்டுவீராயின் எம்மைத் திருநீலகண்டம்" என்று ஆணையிட்டுவிட்டார். கணவர் உயிராய் நினைக்கும் சிவனுடைய கண்டத்தின் மேல் ஆணை.

கோபத்தில் 'என்னை' என்பதற்குப் பதிலாக 'எம்மை' என்று வந்துவிட்டது. நாயனார் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். எம்மை என்றால் பெண்கள் எல்லாரும்தானே. இனி வேறெந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டமாட்டேன் என்றார். ஆணையில் ஓட்டை தேடித் தப்பிப்பவர்கள் உண்டு. இவரோ கேட்டதைவிடப் பெரிய ஆணையாக அதைத் தன்மேல் ஏற்றிக்கொண்டார். தவறு செய்தவர் அவர்தான் என்பதும் அவருக்குத் தெரியும்.

ஆனால் என் மனத்தில் தங்கியது அதற்கு அப்புறம் நடந்ததுதான். இருவரும் வீட்டை விட்டுப் போகவில்லை. அந்த அம்மையார் கணவருக்கு வேண்டியதையெல்லாம் மெய் படாமல் செய்து கொடுத்தார். ஒரே கூரையின் கீழே வேறு வேறாக இருந்தார்கள். இளமை போய் முதுமை வந்தது. "அயலறியாமை வாழ்ந்தார்" என்கிறார் பெரியபுராணம் பாடிய சேக்கிழார். பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது! அவர் குற்றத்தை அம்மையார் வெளியே சொல்லவில்லை. அம்மையாரின் கோபத்தை இவரும் யாரிடமும் சொல்லி ஆற்றிக்கொள்ளவில்லை.

இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஓர் உறுத்தல். கல்யாணமான புதிதில் என் மனைவி என்னை நம்பி ஒரு விஷயம் சொன்னாள், யாரிடமும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டு. சரி என்றேன். ஒரு வாரத்தில் என் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அக்கா நல்லவள்தான், ஆனாலும் அது இரண்டு வீடு சுற்றி இவள் காதுக்கே வந்தது. சண்டை போடவில்லை. அதற்கப்புறம் ரொம்ப நாள் எதையும் என்னிடம் சொல்லாமல் இருந்தாள், அவ்வளவுதான். அது என்ன விஷயம் என்று இங்கேயும் எழுதமாட்டேன்.

நாயனாரைச் சோதிக்கச் சிவனே யோகியாக வந்தார். ஒரு திருவோட்டைக் கொடுத்து வைத்துவிட்டு, அதை மறையச் செய்து, நீதான் திருடினாய் என்றார். மனைவி கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்றார். தில்லைவாழ் அந்தணர் சபை வரை வழக்குப் போய், மூழ்கத்தான் வேண்டும் என்று தீர்ப்பானது. அப்போதும் இவர் கையைத் தொடவில்லை. மூங்கில் தண்டின் ஒரு முனையை இவரும் மறுமுனையை அம்மையாரும் பிடித்துக்கொண்டு இந்தக் குளத்தில் இறங்கினார்கள். கையைப் பிடித்தே மூழ்கு என்று யோகி வற்புறுத்தினார். அதன் பிறகுதான், வேறு வழியில்லாமல், ஊரார் கேட்கப் பழைய கதையைச் சொன்னார். மூழ்கி எழுந்தபோது இருவரும் இளமையோடு எழுந்தார்கள். தை விசாகத்தில் அவருடைய குருபூஜை. இளமை பெற்ற அந்த ஐதீகத் திருவிழா இங்கே நடக்கிறது.

"திருநீலகண்டத்துக் குயவனார்க்கு அடியேன்" என்று பாடிய சுந்தரரே, பிரியமாட்டேன் என்று மனைவி சங்கிலியாருக்கு மகிழ மரத்தடியில் செய்து கொடுத்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டிப் பார்வையை இழந்தவர். அதை நினைக்கும்போது அந்த 'அடியேன்' எனக்கு இன்னும் கனமாகக் கேட்கிறது.

குளத்தைப் பார்த்தபடியே, "அன்னிக்கு அக்காகிட்ட சொன்னது தப்பு" என்றேன். இத்தனை வருஷத்தில் அதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். உடனே பதில் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்த அம்மா பேர் என்னங்க?" என்று கேட்டாள்.

"சேக்கிழார் சொல்லலை."

"அப்படியா" என்றவள் சற்று யோசித்தாள். "சரி, இருக்கட்டும். நடை சாத்துறதுக்குள்ள அம்பாளை இன்னொரு தரம் பார்த்துட்டு வந்துடலாம், வாங்க."