பாஸ்டனில் ஒரு பத்திர எழுத்தர்

அக்டோபர் 3

மகள் வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது. பகலில் ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு நடைதான் வேலை. இன்று வாஷிங்டன் தெருவும் எசெக்ஸ் தெருவும் சேரும் முனையில், கட்டடச் சுவரில் செதுக்கிய ஒரு மரத்தைப் பார்த்தேன். 'சுதந்திர மரம்' என்று பேர் வாங்கிய எல்ம் அங்கேதான் நின்றதாம். 1765 ஆகஸ்ட் 14 அன்று ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவியை அதில் தொங்கவிட்டார்கள். அவர் செய்த குற்றம், முத்திரைத்தாள் விநியோகிக்கும் உத்தியோகத்துக்கு நியமிக்கப்பட்டது!

முப்பத்திரண்டு வருடம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். முத்திரைத்தாள் இல்லாமல் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததில்லை. மனசு கொஞ்சம் ஆலிவர் பக்கம்தான் சாய்ந்தது.

அக்டோபர் 5

சரி, ஏன் அவ்வளவு கோபம்? 1763-ல் பிரான்சுடன் போர் முடிந்தபோது பிரிட்டனுக்குக் கழுத்தளவு கடன். அன்று தன் குடியேற்றமாக இருந்த அமெரிக்காவில் படை வைக்கும் செலவில் ஒரு பங்கை அங்குள்ளவர்களே கொடுக்கட்டும் என்று லண்டன் நினைத்தது. அதற்காக ஒரு சட்டம்: வழக்குத் தாள், செய்தித்தாள், சீட்டுக்கட்டுக்குக்கூட முத்திரை வரி. 'எங்கள் சபையைக் கேட்காமல், எங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத நாடாளுமன்றம் எப்படி வரி போடலாம்?' என்பது குடியேறிகளின் கேள்வி.

1766-ல் சட்டத்தை ரத்து செய்தார்கள். ஆனால் அதே நாளில், எந்த விஷயத்திலும் உங்களுக்குச் சட்டம் போட எங்களுக்கு உரிமை உண்டு என்று இன்னொரு சட்டம். கடன் பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, வீட்டின் மூலப்பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்ட மாதிரி. இந்த வித்தையை எங்கள் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அக்டோபர் 9

பழைய அரசு மாளிகை. அடியில் மெட்ரோ ஓடுகிறது, வாசலில் வட்டமாகக் கல் பதித்திருக்கிறார்கள். 1770 மார்ச் 5 அன்று பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தைச் சுட்டதன் நினைவாக.

எனக்கு அதைவிட மூன்று நாள் முந்திய சண்டைதான் பிடித்திருந்தது. 1768-லிருந்து ஊரில் படை. சிப்பாய்க்குச் சம்பளம் போதாது. ஓய்வு நேரத்தில் குறைந்த கூலிக்கு வேறு வேலைக்குப் போவான். உள்ளூர்க்காரனுக்கு எரிச்சல். ஒரு சிப்பாய் கயிறு திரிக்கும் பட்டறையில் போய் வேலை கேட்டிருக்கிறான். "என் கக்கூசைக் கழுவு" என்றானாம் ஒரு தொழிலாளி. அப்புறம் தடியடிதான்.

மார்ச் 5 இரவு தகராறு தொடங்கியதும் ஒரு பாக்கி விவகாரத்தில். ராணுவ அதிகாரி தன் முதலாளிக்குக் காசு தரவில்லை என்று, பொய்முடிக் கடைப் பையன் ஒருவன் தெருவில் நின்று கத்தினான். காவலுக்கு நின்றவன் அவனை அடித்தான். கூட்டம் சேர்ந்தது, பனிக்கட்டி பறந்தது, துப்பாக்கி வெடித்தது. ஐந்து பேர் செத்தார்கள். அதே நாளில் லண்டனில் பிரதமர் நார்த், அமெரிக்காவுக்குப் போகும் சரக்குகளில் தேயிலை தவிர மற்றவற்றின் வரியை நீக்கலாம் என்று நாடாளுமன்றத்தில் முன்மொழிந்துகொண்டிருந்தார். கடல் தாண்டிச் செய்தி வர வாரக்கணக்காகும் காலம் அது.

சிப்பாய்களுக்காக வாதாடியவர் ஜான் ஆடம்ஸ், பின்னாளில் ஜனாதிபதியானவர். ஆறு பேருக்கு விடுதலை, இரண்டு பேருக்குக் கட்டைவிரலில் சூடு. நாங்கள் ரேகை வாங்கும் விரல்!

அக்டோபர் 14

வரியை ஏற்றினதால் பாஸ்டன்காரர்கள் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள் என்று பேரன் சொன்னான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் 1773-ல் வந்த தேயிலைச் சட்டத்தால் விலை குறையத்தான் இருந்தது. தள்ளாடிக்கொண்டிருந்த கிழக்கிந்திய கம்பெனியே நேராகச் சரக்கு அனுப்பலாம். பவுண்டுக்கு மூன்று பென்ஸ் பழைய வரி மட்டும் அப்படியே. மலிவாக வாங்கிக் குடித்தால் அந்த வரியை ஒப்புக்கொண்டதாகிவிடும். கள்ளக்கடத்தல் வியாபாரிகளுக்கும் பிழைப்பு போகும், அதையும் மறைக்க வேண்டாம்.

நம் சென்னைக் கோட்டையில் இருந்த அதே கம்பெனிதான். சரக்கு மட்டும் சீனாவுடையது. அமெரிக்க வழக்கறிஞர் ஜான் டிக்கின்சன் அந்த வருடம் எழுதிய ஒரு கடிதத்தில், வங்காளத்தில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியில் மாண்டதற்கு இந்தக் கம்பெனியைக் குற்றம் சாட்டி, இப்போது அமெரிக்காவின் பக்கம் திரும்பியிருக்கிறது என்று எச்சரிக்கிறார். அதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 18

தேயிலைக் கப்பல்கள் நின்ற கிரிஃபின் துறையைத் தேடிப் போனோம். கடலையே தூர்த்துவிட்டார்கள், சாலைதான் இருக்கிறது. 1773 டிசம்பர் 16 இரவு மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டிகள் தண்ணீருக்குள் போயின. வேறு எதையும் தொடவில்லை. உடைந்த ஒரு பூட்டுக்குப் பதில் புதுப் பூட்டு வாங்கிக் கொடுத்தார்களாம்.

"பூட்டுக்குக் கொடுத்தவங்க டீத்தூளுக்கு ஏன் கொடுக்கல தாத்தா?" என்றான் பேரன்.

லண்டனும் அதையேதான் கேட்டது. நஷ்டஈடு கட்டும்வரை என்று 1774 ஜூன் 1 முதல் துறைமுகத்தை மூடிவிட்டது. பாஸ்டன் பட்டினி கிடந்து வழிக்கு வரும் என்று கணக்கு. ஆனால் மற்ற குடியேற்றங்கள் சும்மா இருக்கவில்லை. கனெக்டிகட்டிலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள், தென் கரோலினா மூட்டை மூட்டையாக அரிசி அனுப்பியது.

"அரிசியா?" என்று சிரித்தான். அவனுக்கு அது நம் ஊர்ச் சமாச்சாரம்.